முன்சக்கரம் வெளிய ஓடுது: காத்தை ஏத்தணுமா, இறக்கணுமா?

ரோட்டோரம் · 3 ஜூன் 2023

முன்சக்கர டிரைவ் கார். டயர் 205/55 ஆர்16, சாதாரண ரோடு டயர். கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முன்னாடி 32, பின்னாடி 30 பிஎஸ்ஐ. வளைவுல கொஞ்சம் வேகம் வச்சா மூக்கு திரும்பாம வெளிப்பக்கமா ஓடுது. அலைன்மென்ட் சரியா இருக்கு, டயர்ல திரெட் (தரையைத் தொடுற வரிப் பகுதி) நிறைய இருக்கு.

முன்னாடி 4 பிஎஸ்ஐ ஏத்துன்னு பாதிப் பேர் சொல்றாங்க. 2 இறக்குன்னு மீதிப் பேர். ரெண்டும் எப்படி ஒரே வியாதிக்கு மருந்தாகும்? எது சரி?

மூணாம்கியர் · 3 ஜூன் 2023

ஏத்துங்க. முன் 36, பின் 30. போய் ஓட்டிப் பாருங்க.

சந்தேகப்பிராணி · 3 ஜூன் 2023

அழுத்தம் ஏறினா தரையைத் தொடுற பரப்பு குறையும். பரப்பு குறைஞ்சா கிரிப் எப்படிங்க கூடும்? பத்தாங்கிளாஸ் பாடத்தையே மாத்துறீங்களே.

கேஜ்காரர் · 4 ஜூன் 2023

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். வண்டி இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்காமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

டயர் சுமக்கிற எடைக்கு ஏற்றபடி, பக்கவாட்டுப் பிடி உச்சத்தில் நிற்கிற அழுத்தம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருந்தால் ஏற்ற ஏற்றப் பிடி கூடும். தாண்டிவிட்டால் ஏற்ற ஏற்றக் குறையும். வரைபடமாகப் போட்டால் உச்சத்துக்கு அருகில் கோடு கிட்டத்தட்ட தட்டையாக இருப்பதால் 1 பிஎஸ்ஐ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் தள்ளிப் போனால்தான் தெரியும்.

சந்தேகப்பிராணியின் பரப்புக் கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ. 32 பிஎஸ்ஐ என்பது 2.2 பார். எடையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 178 சதுர செ.மீ. 26 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 220 கிட்ட வரும். டயரின் பக்கச்சுவரும் (சைடுவால்) கொஞ்சம் எடையைத் தாங்கும், திரெட்டில் பள்ளங்களும் உண்டு. அதனால் நிஜ அளவு வேறாக இருக்கும், போகிற திசை இதுதான். அகலம் பெரிதாக மாறாது, நீளம்தான் 11 செ.மீ.யிலிருந்து 13 செ.மீ. ஆகும். நேராக ஓடுகிற வண்டிக்கு இந்தப் பாடம் சரி.

வளைவில் கதை வேறு. ரிம் வெளிப்பக்கமாகத் தள்ளும், திரெட் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் சைடுவால் மடங்கும். காற்று குறைவாக இருந்தால் மடிப்பு அதிகம். வெளி ஷோல்டர் (திரெட்டும் சைடுவாலும் சேரும் ஓரம்) மட்டும் நசுங்கி, நடுப்பகுதியும் உள்விளிம்பும் லேசாகிவிடும். கணக்கில் கிடைத்த கூடுதல் பரப்பு தேவையான நேரத்தில் வேலைக்கு வராது. சைடுவாலை நிமிர்த்திப் பிடிப்பது உள்ளே இருக்கிற காற்றுதான்.

இதில் எடை எங்கே நுழைகிறது என்பதுதான் விஷயம். லேசான எடை தாங்கும் டயருக்கு அழுத்தம் குறைந்தால் நீளமான தொடுபரப்பு கிடைத்து, திரும்பும் விறைப்பு (ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவுக்குக் கிடைக்கும் பக்கவாட்டு விசை) கூடும். கனமான எடை தாங்கும் டயருக்கு அழுத்தம் கூடினால்தான் அது கிடைக்கும். முன்சக்கர டிரைவ் வண்டியில் எடையில் 60 சதவீதம் முன்னால். பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழைந்தால் வெளிப்பக்க முன் டயர்தான் பெரும்பாரம் சுமக்கும். ஆகவே பல வண்டிகளில் முன் டயர் உச்சத்துக்குக் கீழேயும், காலியாகப் போகும்போது பின் டயர் உச்சத்துக்கு மேலேயும் இருக்கும்.

உங்கள் முன் டயர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சாக்பீஸ் போதும்.

வால்வுமூடி · 4 ஜூன் 2023

சாக்பீஸ் வேலையைச் சரியாப் பண்ணுங்க, இல்லன்னா ஒண்ணும் தெரியாது.

டயரைத் துடைச்சுக் காய வைக்கணும். திரெட் ஓரத்துல ஆரம்பிச்சு சைடுவால் மேல 3 செ.மீ. வரைக்கும் தடிமனா ஒரு கோடு. ஒரு டயருக்கு மூணு இடத்துல, சுத்தி சமமாப் பிரிச்சுப் போடுங்க. வெளிப்பக்கம்தான் முக்கியம். வெள்ளை ஷூ பாலிஷ் இருந்தா இன்னும் நல்லது, தூசில அழியாது.

வண்டி ஓடாத காலி மைதானம் மாதிரி இடத்துல, ரெண்டு பக்கமும் சில வளைவு நல்லா அழுத்தி ஓட்டுங்க. ரோட்டுல வேணாம். இறங்கிப் பாருங்க:

கோடு திரெட் ஓரத்தைத் தாண்டி சைடுவால்ல அழிஞ்சிருந்தா காத்து பத்தலை. திரெட் ஓரத்துக்கு முன்னாடியே அழிவு நின்னு, ஓரத்துல சாக்பீஸ் அப்படியே இருந்தா காத்து ஜாஸ்தி. சரியா ஓரம் வரைக்கும் வந்து நின்னா அதுதான் உங்க நம்பர்.

மூணாம்கியர் · 4 ஜூன் 2023

ஷோல்டர்ல குட்டி முக்கோணம் ஒண்ணு இருக்கும். அதோட நுனி வரைக்கும் அழியணும். இதுக்குன்னே போட்டு வச்சிருக்கான்.

கேஜ்காரர் · 4 ஜூன் 2023

இதுக்காகப் போட்டதல்ல. தேய்மானக் கட்டை (திரெட் தேய்ந்து முடிந்ததைக் காட்டும் சிறு மேடு) திரெட்டுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டத்தான் அந்த முக்கோணம். ஷோல்டரில் வசதியான இடத்தில் இருப்பதால் ஓட்டுபவர்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். சில டயர்களில் அது சைடுவாலில் இன்னும் கீழே தள்ளி இருக்கும். அதுவரை அழியும்படி ஓட்டினால் டயர் மடங்கியே விட்டது என்று அர்த்தம். திரெட் முடிகிற விளிம்பைப் பாருங்கள்.

சந்தேகப்பிராணி · 5 ஜூன் 2023

அப்ப சைடுவால்லயே "அதிகபட்சம் 51 பிஎஸ்ஐ"ன்னு அச்சடிச்சிருக்கே, அதுல மூணுல ரெண்டு பங்குதான் நாம போடுறோம். கம்பெனிக்காரன் சொன்னதை விட நாம புத்திசாலியா?

வால்வுமூடி · 5 ஜூன் 2023

அது அந்த டயர் குளிர்ந்திருக்கும்போது தாண்டக்கூடாத எல்லை. போட வேண்டிய அளவு இல்ல. டயர் செஞ்சவனுக்கு அது எந்த வண்டில போகப்போகுதுன்னு தெரியாது. வண்டி செஞ்சவனுக்குத் தெரியும், அவன் எழுதினதுதான் கதவுத் தூண் ஸ்டிக்கர்.

கேஜ்காரர் · 5 ஜூன் 2023

கூடவே ஒன்று. டயரில் 91 என்று சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் தாங்கும் எடை 615 கிலோ. சாதாரண டயர் அந்த முழுச் சுமையை 2.5 பாரில், அதாவது 36 பிஎஸ்ஐயில் எட்டிவிடும். அதற்கு மேல் காற்றடித்தால் சுமைத்திறன் கூடாது. எக்ஸ்ட்ரா லோடு (கூடுதல் சுமைக்கான) வகை டயர் முழுச் சுமையை எட்ட 42 பிஎஸ்ஐ வேண்டும். அதே அளவில் சாதாரணத்திலிருந்து எக்ஸ்ட்ரா லோடுக்கு மாறுகிறவர்கள் பழைய நம்பரிலேயே ஓட்டினால், பழைய டயர் தாங்கியதைவிடச் சற்றுக் குறைவாகவே புது டயர் தாங்கும். பெயரைப் பார்த்து ஏமாந்து அழுத்தத்தைக் குறைப்பது இன்னும் மோசம்.

ரோட்டோரம் · 9 ஜூன் 2023

சாக்பீஸ் முடிவு. முன் டயர் வெளிப்பக்கம் சைடுவால்ல 8 மி.மீ. வரைக்கும் அழிஞ்சிருக்கு. பின் டயர்ல ஓரத்துக்கு 5 மி.மீ. முன்னாடியே நின்னுடுச்சு. உடனே கேஜ் வச்சுப் பார்த்தேன், முன் 33, பின் 32.

மூணாம்கியர் · 9 ஜூன் 2023

முன்னாடி பத்தலை, பின்னாடி ஜாஸ்தி. நான் சொன்னது அதேதான்.

கேஜ்காரர் · 9 ஜூன் 2023

அந்த 33 ஓட்டி முடித்த சூட்டில் எடுத்தது. ஸ்டிக்கரில் உள்ள 32 குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் 2 கி.மீ.க்குள் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும். காலையில் வெயில் படுமுன் எடுப்பது உத்தமம். ஒரு பக்கம் வெயிலில் நின்ற வண்டியில் அந்தப் பக்க டயர்கள் 2 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இடதும் வலதும் சமமாக்கினால் நிழலுக்கு வந்ததும் சமமில்லாமல் போகும்.

சூட்டில் 33 காட்டுகிறது என்றால் குளிர்ந்தபின் 28, 29தான் நிற்கும். ஸ்டிக்கர் அளவே இல்லாத வண்டியில் நாம் ஹேண்ட்லிங் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேஜ்காரர் · 10 ஜூன் 2023

நேற்று எழுதியதற்குக் கணக்கு.

கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். உள்ளே இருக்கும் முழு அழுத்தத்துக்கு அதோடு 14.7 கூட்டவேண்டும். 32 என்றால் நிஜத்தில் 46.7. வெப்பநிலை கெல்வினில்.

20 டிகிரி செல்சியஸில் 32 வைத்த டயரின் உள்காற்று 55 டிகிரிக்குப் போனால்: 46.7 பெருக்கல் 328, வகுத்தல் 293. விடை 52.3. 14.7 கழித்தால் 37.6. ஐந்தரை பிஎஸ்ஐ தானாக ஏறிவிட்டது. நெடுஞ்சாலையில் 4 முதல் 6 ஏறுவது இயல்பு. ரேஸ் தடத்தில் 8, 10 கூட ஏறும்.

பலர் செய்வது: நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தி, 38 என்று பார்த்துப் பயந்து 32க்கு இறக்கிவிடுவது. அது குளிர்ந்ததும் 27. மறுநாள் அதோடு கிளம்பினால் சைடுவால் அதிகம் மடங்கி அதிகம் சூடாகும். ஏறுகிற சூட்டைக் கணக்கில் வைத்துத்தான் ஸ்டிக்கர் நம்பரே எழுதப்பட்டது. சூடான டயரில் சாலைக்காகக் காற்றை இறக்காதீர்கள்.

வீட்டுக்குள் 30 டிகிரியில் 32 வைத்துவிட்டு வெளியே 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் 28. கைக்கணக்காக, 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ.

சந்தேகப்பிராணி · 10 ஜூன் 2023

இதுக்குத்தான் நைட்ரஜன். சூட்டுல ஏறாது, கசியாது, கிரிப் கூடும். கேஜ்காரரே, கணக்கு நோட்டை மூடுங்க.

வால்வுமூடி · 10 ஜூன் 2023

சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சாமி. மீதியையும் நைட்ரஜனா மாத்தினா சூட்டுல ஏறுற அளவு அப்படியேதான் இருக்கும், எந்த வாயுவும் அதே கணக்குதான். வித்தியாசம் ஈரத்துல. கம்ப்ரசர் டேங்க்ல தேங்குற தண்ணி டயருக்குள்ள போச்சுன்னா, சூட்டுல ஆவியாகி ஏத்தம் முன்னபின்ன ஆகும். ரேஸ்காரங்களுக்கு நாலு டயரும் ஒரே மாதிரி ஏறணும், அதுக்கு உலர்ந்த நைட்ரஜன். கம்ப்ரசர் டேங்க் அடியில இருக்கிற குழாயைத் தினமும் திறந்து தண்ணியை வடிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

கசிவு கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனா வால்வு, பீடு (ரிம்மைப் பிடிச்சிருக்கிற டயர் விளிம்பு), ரிம் துரு வழியாவும் காத்து கசியும். அதுக்கு நைட்ரஜன் என்ன பண்ணும்?

ரோட்டோரம் · 14 ஜூன் 2023

குளிர்ந்த டயர்ல பார்த்தேன். முன் 28.5, பின் 29. கேஜ்காரர் சொன்னது சரி. இப்ப ஸ்டிக்கர் அளவுக்கு 32, 30 வச்சாச்சு. மூக்கு ஓடுறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு, போகலை. சாக்பீஸ் முன்னாடி இப்ப சைடுவால்ல 3 மி.மீ. அடுத்தது?

மூணாம்கியர் · 14 ஜூன் 2023

முன் 34. பின்னைத் தொடாதீங்க. ஒரு தடவைக்கு ஒரு அச்சு மட்டும், 2 பிஎஸ்ஐ மட்டும். முன்னும் பின்னும் ஒண்ணா மாத்தினா எதனால மாறிச்சுன்னு தெரியாது. பத்தலைன்னா 36. அங்க மூக்கு மறுபடி வெளிய ஓட ஆரம்பிச்சா 35க்கு வந்துடுங்க.

அப்புறம் ஸ்டியரிங் உணர்வை நம்பாதீங்க. காத்து ஏறினா எந்த வண்டியும் சுறுசுறுப்பாத் திரும்புற மாதிரிதான் இருக்கும். திரும்ப ஆரம்பிக்கிற வேகம் வேற, எவ்வளவு பிடிக்கும்ங்கிறது வேற.

கேஜ்காரர் · 15 ஜூன் 2023

கடைசி வரி பொன்னெழுத்து. அதை அளக்க எளிய வழி உண்டு.

மூடிய மைதானத்தில் 15 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து கூம்பு வையுங்கள். ஆரம் வண்டியின் நடுக்கோட்டுக்கு. மூக்கு வெளியே ஓட ஆரம்பிக்கிற வேகத்தில் நிலையாகச் சுற்றி, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். 8.5 நொடி என்றால் பக்கவாட்டு முடுக்கம் 0.84 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). 8.3 நொடி என்றால் 0.88 ஜி. வெறும் 0.2 நொடியில் 5 சதவீதம் பிடி மாறியிருக்கிறது. இதை இருக்கையில் உட்கார்ந்து உணர முடியாது, கடிகாரம் காட்டும். இரண்டு திசையிலும் சுற்றிச் சராசரி எடுங்கள். ஒரு அழுத்தத்துக்குச் சில சுற்று போதும், அதற்கு மேல் டயர் சூடாகி அழுத்தமே மாறிவிடும்.

வட்டம் சொல்லாத ஒன்று: திடீரெனப் பாதை மாறும்போது நடப்பது. ஸ்டியரிங்கை வெட்டிய கணத்தில் டயர் முழு விசையைத் தந்துவிடாது, கொஞ்ச தூரம் உருண்ட பிறகே தரும். காற்று குறைந்தால் அந்தத் தூரம் நீளும். பின் டயரில் காற்று குறைந்தால் முன்பக்கம் முதலில் நகரும், பின்பக்கம் தாமதமாக வந்து சேரும், வந்தபின் ஓர் ஆட்டம் ஆடும். வட்டத்தில் பிரமாதமாக நேரம் காட்டுகிற வண்டி பாதை மாறும்போது வாலை ஆட்டுவது இதனால்தான்.

சந்தேகப்பிராணி · 15 ஜூன் 2023

டயருக்குக் காத்தடிக்க வந்தவரைக் கூம்பு நட வச்சுட்டீங்களே. அடுத்தது சாட்டிலைட்டா?

மூணாம்கியர் · 15 ஜூன் 2023

அடுத்தது தெர்மாமீட்டர்.

தடத்துல ஓட்டுறவங்க டயரோட உள், நடு, வெளி மூணு இடத்துலயும் சூட்டை அளப்பாங்க. ஊசி வச்ச கருவிதான் வேணும், ரப்பருக்குள்ள குத்தி எடுக்கணும். தூரத்துல இருந்து சிவப்புப் புள்ளி அடிக்கிற துப்பாக்கி மேல்தோல் சூட்டைத்தான் காட்டும், அது பிட்டுக்கு (தடத்தோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கிற இடம்) வர்றதுக்குள்ள ஆறிடும்.

உதாரணம்: வெளி 84, நடு 76, உள் 86. வெளியும் உள்ளும் சராசரி 85. நடு 9 டிகிரி குறைவு. காத்து பத்தலை, 2 ஏத்துங்க. நடு 90 வந்துச்சுன்னா ஜாஸ்தி, இறக்குங்க. உள் வெளியை விட ரொம்பச் சூடுன்னா அது கேம்பர் (சக்கரம் உள்ளயோ வெளியவோ சாயற கோணம்) வேலை, காத்து வச்சு சரிபண்ணப் பார்க்காதீங்க.

தடத்துல குறி சூட்டு நம்பர்தான். ஓடி வந்த டயர்ல 36 வேணும்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி குளிர்ல 28ல கிளம்புறது. சூட்டுல இறக்குறதும் அங்க சகஜம். கேஜ்காரர் மேல சொன்ன தடை ரோட்டுக்கு. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி திரும்ப ஏத்தணும், இதை மறக்கிறவங்கதான் அதிகம்.

ரோட்டோரம் · 19 ஜூன் 2023

முன் 34, பின் 30. சாக்பீஸ் சரியா ஓரத்துல நிக்குது. வட்டத்துல நேரமும் குறைஞ்சிருக்கு. 36ல மறுபடி நேரம் கூடுது. அப்ப 34தான். இப்ப ஆசை வந்துடுச்சு: பின்னாடி 36 போட்டா வால் சுழண்டு மூக்கு இன்னும் நல்லாத் திரும்பும்னு ஒரு வீடியோல பார்த்தேன்.

மூணாம்கியர் · 19 ஜூன் 2023

திரும்பும். கூம்பு வச்ச போட்டில அப்படித்தான் பண்றோம். பின் டயரோட பிடியைத் திருடி மூக்குக்கு உதவுறது அது. காலி இடத்துல, காஞ்ச தரைல மட்டும்.

கேஜ்காரர் · 20 ஜூன் 2023

சாலையில் வேண்டாம் என்று நானும் சொல்கிறேன். காரணம் மழை. மூக்கு வெளியே ஓடினால் வேகத்தைக் குறைத்தாலே வண்டி கைக்கு வரும். வால் போனால் எல்லோராலும் மீட்க முடியாது, ஈரத்தில் அது முன்னறிவிப்பு இல்லாமல் போகும்.

முன், பின் அழுத்த வித்தியாசம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 1960 மாடல் செவ்ரோலே கார்வேர் காருக்கு எஞ்சின் பின்னால். கம்பெனி சொன்ன குளிர் அழுத்தம் முன் 15, பின் 26 பிஎஸ்ஐ. முன்னால் வேண்டுமென்றே தளரவிட்டு, வால் முந்தாமல் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் தெரியாமல் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்தால் அந்தச் சமநிலை போய், வண்டி வாலைச் சுழற்ற ஆரம்பிக்கும். "எல்லாத்துக்கும் 35 அடிங்க" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு எண் இருப்பது அச்சுப் பிழை அல்ல.

சந்தேகப்பிராணி · 20 ஜூன் 2023

மழைன்னதும் ஞாபகம் வருது. ஈரத்துல காத்தை இறக்கினா பரப்பு கூடி நல்லாப் பிடிக்கும்னு எங்க எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்காங்க. இதையாவது விட்டு வைப்பீங்களா?

கேஜ்காரர் · 21 ஜூன் 2023

விடமாட்டேன். நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகத்துக்கு 1963இல் நாசா ஆய்வறிக்கை ஒன்று ஒரு சூத்திரம் தந்தது. பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம். 36 பிஎஸ்ஐக்கு 100. 32க்கு 94. 25க்கு 83. விமான டயருக்காக, ஆழமான தண்ணீரை வைத்துச் சொன்ன சூத்திரம் அது. காருக்குத் திரெட் ஆழமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்தே முடிவு செய்யும், தேய்ந்த டயர் எந்த அழுத்தத்திலும் சீக்கிரம் மிதக்கும். போகிற திசை மட்டும் மாறாது: காற்று குறைந்தால் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்ற அழுத்தம் வேண்டும், தளர்ந்த டயரில் நடுப்பகுதி உள்வாங்கித் தண்ணீரை அணைத்துக்கொள்ளும்.

மணலுக்கு வேண்டுமானால் இறக்கலாம். 18, தேவைப்பட்டால் 15. அங்கே நீளமான தொடுபரப்புதான் புதையாமல் காப்பாற்றும். மெதுவாக, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் போகவேண்டும். திருப்பினால் பீடு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கெட்டித் தரை வந்ததும் முதல் வேலை காற்று.

வால்வுமூடி · 21 ஜூன் 2023

மேடுபள்ளமான ரோட்டைச் சேர்த்துக்கோங்க. காத்து ஏற ஏற டயரே ஒரு கெட்டி ஸ்பிரிங் ஆகுது. குண்டும் குழியுமான வளைவுல அது துள்ளும், துள்ளுற நேரம் கிரிப் கிடையாது. மைதானத்துல 36 ஜெயிச்ச வண்டி அந்த மாதிரி ரோட்டுல 33லதான் நல்லாப் பிடிக்கும். குழில ரிம் வளையறது ரெண்டு கோடியிலயும் நடக்கும்: காத்து குறைஞ்சா டயர் நசுங்கி ரிம் அடிவாங்கும், ரொம்பக் கூடினா அதிர்ச்சி அப்படியே மேல போகும்.

தேய்மானத்தைப் பார்த்துக் காத்தைக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு: ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து குறைவு. நடுவுல தேஞ்சா ஜாஸ்தி, ஆனா ஸ்டீல் பெல்ட் போட்ட ரேடியல்ல அது சட்டுன்னு தெரியாது. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா கேம்பர், இல்லன்னா டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற கோணம்). கையால தடவினா ஒரு திசைல வழவழன்னும் எதிர்த்திசைல ரம்பம் மாதிரியும் இருந்தா டோ தப்பு. காத்தை மாத்தி அதைச் சரிபண்ண முடியாது.

ரோட்டோரம் · 27 ஜூன் 2023

டேஷ்போர்டுல டயர் விளக்கு எரிஞ்சது. நாலையும் பார்த்தேன், 34, 30 அப்படியே இருக்கு. எதுக்கு எரியுது?

வால்வுமூடி · 27 ஜூன் 2023

உங்க வண்டில வால்வுக்குள்ள சென்சார் இருக்காது. ஏபிஎஸ் சக்கர வேகத்தை வச்சுக் கணிக்கிற வகை. காத்து குறைஞ்ச சக்கரம் கொஞ்சம் சின்னதாகி வேகமாச் சுத்தும், அதை வச்சுக் கண்டுபிடிக்கும். நீங்க முன்னாடி மட்டும் ஏத்தினதால அதுக்குக் குழப்பம். மெனுவுல போய் ரீசெட் பண்ணுங்க, கொஞ்ச தூரம் ஓடிக் கத்துக்கும். காத்தை மாத்தும்போதெல்லாம் இதைப் பண்ணணும். நாலு டயரும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினா இந்த வகையில பலதுக்குத் தெரியவே தெரியாது, அதனால கேஜைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கேஜ்காரர் · 28 ஜூன் 2023

சென்சார் வகையும் தாமதம்தான். அமெரிக்க விதிப்படி பரிந்துரையைவிட 25 சதவீதம் குறைந்தால் எரிந்தாகவேண்டும். 32க்கு அது 24. ஹேண்ட்லிங் கெட்டுப்போன பிறகு வருகிற தகவல். அந்த விதியே எக்ஸ்ப்ளோரர் வண்டி விவகாரத்துக்குப் பிறகு வந்தது. ஃபோர்டு 26 பிஎஸ்ஐ பரிந்துரைத்தது, ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. திரெட் பிரிந்த விபத்துகளுக்குப் பின் 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 26இல் கிளம்பும் வண்டியில் கொஞ்சம் கசிந்தால் தாங்க மிச்சம் எதுவும் இல்லை. ஹேண்ட்லிங்குக்காக ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே போக நினைப்பவர்கள் இந்த மிச்சத்தைத்தான் செலவழிக்கிறார்கள். ஏற்றிச் சரிசெய்ய முடிந்தால் ஏற்றியே செய்யுங்கள், சைடுவாலில் அச்சிட்ட எல்லையைத் தாண்டாமல்.

சந்தேகப்பிராணி · 2 ஜூலை 2023

நிஜமாவே ஒரு சந்தேகம். கடல் மட்டத்துல 32 வச்சுட்டு 2000 மீட்டர் மலை ஏறினா? மேல காத்து லேசு, கேஜ் ஜாஸ்தி காட்டும். இறக்கணுமா?

கேஜ்காரர் · 2 ஜூலை 2023

நல்ல கேள்வி. அங்கே வெளிக்காற்று 11.5 பிஎஸ்ஐதான். வெப்பநிலை மாறாவிட்டால் கேஜ் 35 காட்டும். ஆனால் மேலே குளிரும். கீழே 30 டிகிரி, மேலே 17 என்றால் உள்ளே 46.7 என்பது 44.7 ஆகும். 11.5 கழித்தால் 33.2. ஒன்றேகால் பிஎஸ்ஐ. இறக்கவேண்டாம், இறங்கி வரும்போது குறைவாகிவிடும். மேலேயே தங்குவதென்றால் மறுநாள் காலை பார்த்து வையுங்கள்.

ரோட்டோரம் · 8 ஜூலை 2023

பின்சீட்ல 3 பேர், டிக்கில பை. அப்பவும் 30தானா?

வால்வுமூடி · 8 ஜூலை 2023

இல்ல. ஸ்டிக்கர்ல முழுச் சுமைக்குன்னு ரெண்டாவது வரி இருக்கும், பாருங்க. பெரும்பாலும் பின்னாடி 4லிருந்து 6 பிஎஸ்ஐ கூடுதலா எழுதியிருப்பான். கிளம்புறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல ஏத்துங்க. மேல சொன்ன எடைக் கணக்குதான்: பின்னாடி கனம் வந்ததும் பின் டயரோட உச்சமும் மேல போயிடுது. அப்ப பின்னாடி 35 அடிச்சா வால் சுழலாது, நிக்கும். ஆளையும் பையையும் இறக்கி விட்டதும் 30க்குக் கொண்டு வாங்க.

ஸ்டெப்னி சின்ன சைஸ் தற்காலிக டயரா இருந்தா அதுக்கு 60 பிஎஸ்ஐ, வேகம் 80க்கு மேல கூடாது. அதை மாட்டிக்கிட்டு கூம்பு சுத்தப் போகாதீங்க.

மூணாம்கியர் · 8 ஜூலை 2023

கேஜ் பத்தி யாரும் பேசலை. 0லிருந்து 60 வரைக்கும் காட்டுற டயல் கேஜ் வாங்குங்க. 0லிருந்து 160 வரைக்கும் போறது வேணாம், நம்ம நம்பர் அதோட அடிமூலைல கிடக்கும், டயல் கேஜ் நடுப்பகுதிலதான் துல்லியம். காத்தை இறக்குற பட்டன் இருக்கணும். முக்கியமா எப்பவும் ஒரே கேஜ். அது 1 பிஎஸ்ஐ பொய் சொன்னாலும் தினமும் அதே பொய்யைத்தான் சொல்லும், உங்க 34 உங்க 34ஆவே இருக்கும். காத்தடிக்கிற இடத்துக் கேஜையும் வீட்டுக் கேஜையும் மாத்தி மாத்தி வச்சா மேல பேசினதெல்லாம் வீண்.

வால்வுமூடி · 9 ஜூலை 2023

கேஜை எடுத்ததும் வால்வு வாய்ல ஒரு சொட்டு சோப்புத் தண்ணி. குமிழி வந்தா உள் ஊசி தளர்ந்திருக்கு. அதுக்கான குட்டிச் சாவியால லேசா இறுக்குங்க, பலமா முறுக்கினா சீல் வெட்டுப்படும். அப்பவும் குமிழி நிக்கலைன்னா ஊசியை மாத்துங்க. அப்புறம் மூடி, உள்ள ரப்பர் வளையம் இருக்கிறதாப் பார்த்துப் போடுங்க. சென்சார் இருக்கிற அலுமினிய வால்வுல பித்தளை மூடி போடாதீங்க, ரெண்டு உலோகமும் அரிச்சு ஒட்டிக்கும். திருகினா வால்வே முறிஞ்சு கையோட வந்துடும். பிளாஸ்டிக் மூடி போதும்.